ஊர்ப்பற்றும் ஆட்டக்களமும்

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றுக்குச் செல்லும் கரையோரப் பெருந்தெரு ஏறக்குறைய 25 கிலோமீற்றர் நீளமுடையது. அவ்வழியே முதன்முறை பயணஞ் செய்யும் ஒருவர், ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்த ஊர் எங்கே தொடங்கிற்று என்று எளிதில் அறிந்துகொள்ளமாட்டார். கல்முனை கல்முனைக்குடியாகிறது, கல்முனைக்குடி சாய்ந்தமருதாகிறது. மதிலோடு மதிலும் கூரையோடு கூரையும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அப்பால் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊர்கள் தொடர்கின்றன. ஒரு புறம் கடல். மறு புறம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில், தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் ஊருக்கு ஊர் மாறி மாறி நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர்.

வழிப்போக்கரின் கண்ணுக்குத் தென்படாத எல்லை ஊரவருக்கு நன்கு தெரியும். அதனைக் காண விரும்புபவர் நில அளவையாளரின் வரைபடத்தைத் தேடவேண்டியதில்லை. அஸர்த் தொழுகை முடிந்த மாலைப்பொழுதில், இரண்டு ஊர்களின் கழகங்கள் உதைபந்தாட்டம் ஆடும் மைதானம் ஒன்றுக்குச் சென்றாற் போதும். கல்முனையிலே சந்தாங்கேணி மைதானம் இருக்கிறது. ஏனைய ஊர்களிலும் ஆளுக்கொரு மைதானம் உண்டு. மைதானம் இல்லாதவிடத்துக் கடற்கரை உண்டு. கோட்டுக்கு வெளியே கூடி நிற்கும் கூட்டம் எவ்விடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறதோ, அவ்விடத்தில் ஊரெல்லை ஓடுகிறது.

ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சு அவ்வளவில் முடிவதில்லை. மஃரிபுக்குப் பின் தேநீர்க் கடையிலே அது தொடங்கும். "நடுவர் கண்ணை மூடிக்கொண்டா நின்றவர்?" என்பார் நடுவயதினர் ஒருவர். "காக்கா, போன வருஷமும் நீங்க இதத்தானே சொன்னீங்க" என்பான் பக்கத்து மேசை இளைஞன். முப்பது ஆண்டுக்கு முன் ஆடிய முன்வரிசை வீரன் ஒருவனின் பெயர் எடுக்கப்படும்; அவன் காலுக்கு இப்போதுள்ளவர் எவருடைய காலும் ஈடாகாது என்று தீர்ப்பளிக்கப்படும். அடுத்த சுற்றுப்போட்டிக்கு யாரைப் பின்வரிசையில் நிறுத்துவது என்பதும் அங்கேயே முடிவு செய்யப்படும். அம்முடிவைக் கழகத்தார் கேட்கப் போவதில்லை என்பது பேசுகிறவர் அனைவருக்கும் தெரியும்.

இப்பேச்சிலே கவனிக்கத்தக்க ஒரு சொல் உண்டு. பந்தைத் தொட்டேயிராத மனிதர், தையற்கடைக்காரராயினும் மீன் வியாபாரியாயினும் ஓய்வுபெற்ற ஆசிரியராயினும், "நாங்கள் தோற்றுவிட்டோம்" என்றே சொல்லுவார். "அவர்கள் தோற்றார்கள்" என்று சொல்லமாட்டார். தமிழில் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளடங்குவர். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்பர். உலகின் பல மொழிகளில் இந்த வேறுபாடு இல்லை. எனவே ஓர் ஊரின் ஆதரவாளர் மற்றோர் ஊர்க்காரரிடம் "நாங்கள்" என்று சொல்லும்போது ஆட்ட முடிவைச் சொல்வதோடு எல்லைக்கோட்டையும் கீறிவிடுகிறார்.

உலகக் கிண்ணப் போட்டி நடைபெறும் காலத்தில் இதே ஊர்களின் ஒழுங்கைகளில் பிரேசில் நாட்டுக் கொடியும் ஆர்ஜென்ரினா நாட்டுக் கொடியும் பறப்பதைக் காணலாம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாட்டையும் தம்பி மறு நாட்டையும் ஆதரிப்பதுண்டு. அதுவும் ஆர்வந்தான்; ஆயினும் அது தெரிந்தெடுத்த பற்று. இவ்வாண்டு கட்டிய கொடியை அடுத்த முறை மாற்றிக் கட்டினால் எவரும் குறை சொல்லப் போவதில்லை. ஊர்க் கழகத்தின் மீதுள்ள பற்றோ அத்தகையதன்று. அதனை எவரும் தெரிந்தெடுப்பதில்லை. அது பிறப்போடு வருகிறது. தோல்வி தொடர்ந்தாலும் அதனைக் கைவிடும் உரிமை அவருக்கு இல்லை.

பிறப்போடு வரும் பக்கம் என்பது இக்கரையில் புதிதன்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகக் 'குடி' எண்ணும் வழக்கமுடையோர். பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரே குடிக்குள் மணவினை செய்யலாகாது என்பது பழைய விதி. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கொரு மரைக்காயர் வீதம் அமர்த்தப்பட்ட மரபும் இதனையொட்டி எழுந்ததே. அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டு தொடங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட பெருநூலில் இம்முறையை விரிவாக விளக்கியுள்ளார். இதனுடன் இணைந்த மற்றொரு வழக்கம், மணமகன் மணமகளின் வீட்டிற்குச் சென்று வாழ்வது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் கடமை. அவ்வீட்டில் மாப்பிள்ளை குடிபுகுவார்.

இவ்விரு வழக்கங்களையும் ஆட்டக்களத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒரு சுவையான சிக்கல் தோன்றும். நிந்தவூரிலே பிறந்த இளைஞர் ஒருவர் சாய்ந்தமருதிலே மணஞ் செய்துகொண்டு அங்கே வாழத் தொடங்குகிறார். இரண்டு ஊர்களுக்குமிடையே போட்டி நடக்கும் நாளில் அவர் எப்பக்கம் நிற்பார்? பிறந்த ஊரின் பக்கமே. ஆனால் அவருடைய மைத்துனர்மார் எதிர்ப்பக்கத்தில் நிற்பர். அவருடைய பிள்ளைகள் தாயின் ஊரிலே பிறந்து, தாயின் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, தாயின் ஊர்க் கழகத்துக்காகக் கூச்சலிடுவர். ஆக, மைதானத்தில் ஓடுகிற கோடு வீட்டுக்குள்ளும் ஓடுகிறது. மச்சான்மாருக்கிடையே பகிடி வளர்வதற்கு இதனைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. அதே காரணத்தால் பகிடி பகையாகாமலும் போகிறது. எதிரணியின் ஆதரவாளர் தன் பிள்ளைகளின் மாமனாக இருக்கும்போது அவர்மீது கல்லெறிவது எளிதன்று.

இம்முறை இக்கரையின் பழைய விளையாட்டொன்றில் இன்னும் தெளிவாகத் துலங்கியது. அது முஸ்லிம் ஊர்களின் விளையாட்டன்று. அயலிலுள்ள தமிழ் ஊர்களின் கோவிற் சடங்கு. கொம்புமுறி என்றும் கொம்பு விளையாட்டு என்றும் அதற்குப் பெயர். கண்ணகி வழிபாடு வேரூன்றிய ஊர்கள் இக்கரையிலே பல. காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் ஆகிய இடங்களின் கண்ணகி கோவில்கள் புகழ்பெற்றவை. ஆண்டுதோறும் வைகாசியிலே அங்கு சடங்கு நடைபெறும். மழை பொய்த்தபோதும் அம்மை முதலிய கொள்ளைநோய்கள் பரவியபோதும், அன்னையின் சினந் தணியும்பொருட்டு ஊரவர் கொம்புமுறி விளையாடினர்.

விளையாட்டின் அமைப்பு இது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டு வாரங்களாகப் பிரியும். வாரம் என்றால் பக்கம் என்று கொள்ளலாம். வடசேரி கோவலனின் பக்கம். தென்சேரி கண்ணகியின் பக்கம். இரு வாரத்தாரும் காட்டுக்குச் சென்று, வைரம் பாய்ந்த மரத்தின் கவர்விட்ட கிளையைத் தேர்ந்து வெட்டி, கொளுக்கி போன்ற கொம்பாகச் செதுக்கிக் கொள்வர். ஒரு கொம்பின் வளைவுக்குள் மறு கொம்பின் வளைவைக் கொளுவி, இரண்டையும் கயிற்றால் இறுகப் பிணித்து, வலிய வடம் பூட்டி இழுப்பர். இழுவை முறுக முறுக இரண்டில் ஒன்று முறியும். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர்.

இது வெறும் வடமிழுத்தல் அன்று என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். வடமிழுப்பதில் தோள்வலி மிக்கவர் வெல்வர். கொம்புமுறியிலோ வெற்றியைத் தீர்மானிப்பது மரத்தின் வைரம். ஆகவே ஆதரவாளரின் பேச்சும் வேறுவகையாக அமையும். எந்தக் காட்டில் வெட்டியது, எந்த மரம், யார் செதுக்கியது, கட்டுப்போட்டவர் கை எத்தகையது என்பனவே ஆராயப்படும். தேநீர்க் கடையில் இன்று முன்வரிசை வீரனின் காலைப் பற்றி நடக்கும் வாதம், அன்று கொம்பின் கணுவைப் பற்றி நடந்தது.

இதன் தோற்றத்தைப் பற்றி வழங்குங் கதைகள் இரண்டு. கோவலனும் கண்ணகியும் கொளுக்கித் தடிகளால் மரத்திலிருந்து பூப்பறித்தபோது தடிகள் ஒன்றோடொன்று சிக்கின, இருவர் பக்கத்தாரும் இழுத்தனர், ஒரு தடி முறிந்தது என்பது ஒன்று. மதுரையை எரித்த பின் கண்ணகியின் கோபம் ஆறுவதற்காக மக்கள் இரு பக்கமாய்ப் பிரிந்து ஆடிக் காட்டினர் என்பது மற்றொன்று. எது முந்தியது என்று ஆராய்வதிற் பயனில்லை. இரண்டு கதையிலும் பூசல் ஒன்று விளையாட்டாக மாறுகிறது.

விளையாட்டைத் தொடர்ந்து ஊர்வலமும் பாட்டும் நடைபெறும். வென்ற வாரத்தார் தோற்றவரை ஏளனஞ் செய்து பாடும் வசைப்பாட்டுகள், சாதாரண நாளில் வாய்விட்டுச் சொல்லத் தகாதவை. சடங்குக் காலத்தில் அவற்றுக்கு அனுமதி உண்டு. கணவன் ஒரு வாரமும் மனைவி மறு வாரமுமாக அமைந்த வீடுகளில் அந்நாட்களில் பேச்சுவார்த்தையே நின்றுவிடும் என்பர். சடங்கு முடிந்ததும் இரு வாரத்தாரும் அதே கோவிலில் அதே அம்மன் முன்னிலையில் கூடுவர். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளிவந்த 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் இவ்வழக்கங்களைப் பதிவு செய்துள்ளார். விளையாட்டு அருகிப் போன பின்னும் அது நடந்த இடங்களின் பெயர் அருகவில்லை. கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோவில் இன்றும் அப்பெயராலேயே விளங்குகிறது. அண்மைக் காலத்தில் பண்பாட்டு விழாக்களையொட்டிக் கொம்புமுறி மீண்டும் ஆடிக் காட்டப்பட்டதும் உண்டு.

சிங்கள மக்களிடையே இவ்விளையாட்டு 'அங்கெலிய' என்று வழங்குகிறது. 'அங்' என்றால் கொம்பு. அங்கே கண்ணகி பத்தினித் தெய்வமாகவும் கோவலன் பாலங்க என்றும் பெயர்பெறுவர். மேற்பக்கம், கீழ்ப்பக்கம் எனப் பொருள்படும் உடுபில, யட்டிபில என்பன இரு கட்சிகள். பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள பாணமை இதற்குப் பெயர்போன ஊர். அதுவும் அம்பாறை மாவட்டத்துக் கடற்கரையே. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய ஆராய்ச்சி நூலில் அங்கெலிய நெடிது ஆராயப்பட்டுள்ளது.

கொம்புமுறியில் ஒரு நுட்பம் உண்டு. அதன் பிரிவுக்கோடு ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடவில்லை. ஊரின் நடுவே ஓடிற்று. எதிராளி அயலூரான் அல்லன்; பக்கத்து வீட்டான், சில வேளை சொந்த மனைவி. இரு பக்கத்தாருக்கும் கோவில் ஒன்று, குளம் ஒன்று, வேண்டும் மழையும் ஒன்று. உதைபந்தாட்டத்தின் கோடோ ஊரெல்லையை ஒட்டி ஓடுகிறது. இக்கரையிலே ஊரெல்லை பல இடங்களில் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரிக்கும் எல்லையாகவும் இருக்கிறது. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே மணவினை உறவுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே அத்தகைய உறவு இல்லை. வயலும் வியாபாரமும் மொழியும் பொதுவாயிருக்க, மாமனும் மச்சானும் மட்டும் பொதுவாயில்லை. 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் கிழக்கிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வன்செயல்கள் மூண்டபோது, உறவுப்பாலம் இல்லாத எல்லைகளிலேதான் தீ மூண்டது.

ஊர்ப்பற்றுக்கும் ஆட்டக்களத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு நாடு முழுவதும் எவ்வாறு ஒழுங்குபடுத்தலாம் என்பதற்கு அயர்லாந்து தக்க எடுத்துக்காட்டு. அங்கே கேலிக் உதைபந்தாட்டம், ஹேர்லிங் என்ற இரண்டு தேசிய விளையாட்டுகள் உண்டு. இரண்டிலும் பக்கத்துக்கு 15 பேர் ஆடுவர். கேலிக் உதைபந்தாட்டத்தில் பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். ஹேர்லிங்கில் ஆஷ் மரத்தாற் செய்த, நுனி அகன்று வளைந்த மட்டையால் சிறு பந்து அடிக்கப்படும். கம்பங்களுக்கிடையே கீழே வலைக்குள் பந்தைச் செலுத்தினால் 3 புள்ளி. ஹேர்லிங்கில் குறுக்குச் சட்டத்துக்கு மேலாகச் செலுத்தினால் 1 புள்ளி. மட்டைக்குரிய மரத்தைப் பற்றி அந்நாட்டார் பேசும் அக்கறையைக் கேட்டால், கொம்பு வெட்டக் காட்டுக்குப் போன கிழக்கிலங்கைப் பெரியவர்கள் புன்முறுவல் பூத்திருப்பர்.

1884 நவம்பர் 1ஆம் தேதி தேர்லஸ் நகரில் மைக்கேல் கியூசாக் முதலியோர் கூடி இவ்விளையாட்டுகளுக்கெனச் சங்கமொன்றை நிறுவினர். அதன் அடிப்படை விதிகள் இரண்டு. ஆடுகிறவர்க்குச் சம்பளம் இல்லை. ஒருவர் தம் ஊர்க் கழகத்துக்கே ஆடுவார்; அதிலிருந்து தெரிவாகித் தம் கவுண்டிக்கு ஆடுவார். கவுண்டி என்பது இங்குள்ள மாவட்டம் போன்றது. அயர்லாந்துத் தீவில் 32 கவுண்டிகள் உண்டு. பணங் கொடுத்து வேற்றூர் வீரரை வாங்கும் வழக்கம் அங்கு இல்லை. கிண்ணம் தூக்கும் வீரர் மறுநாள் பாடசாலைக்குப் பாடஞ் சொல்லப் போவார், அல்லது பண்ணைக்குப் பால் கறக்கப் போவார். ஆகவே "நாங்கள் வென்றோம்" என்று ஓர் ஆதரவாளர் சொல்லும்போது அச்சொல்லில் மிகையொன்றுமில்லை.

இதிலே விந்தை யாதெனின், அந்தக் கவுண்டி எல்லைகளை வகுத்தவர் ஐரிஷ் மக்கள் அல்லர். ஆட்சி வசதிக்காக ஆங்கில அரசு வகுத்த எல்லைகள் அவை. ஆள்வோர் கீறிய கோட்டை ஆடுகளம் உயிருள்ளதாக்கிவிட்டது. அம்பாறை மாவட்டமும் 1961இலேதான் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. மாகாண விளையாட்டு விழாவுக்கும் தேசிய விளையாட்டு விழாவுக்கும் அம்மாவட்டத்தின் பெயரால் அணி செல்லும்போது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே சட்டை அணிதல் கூடும். ஆனால் அவ்வணிக்காகக் கல்முனைத் தேநீர்க் கடையில் மேசையைத் தட்டிப் பேசுவோர், தம் ஊர்க் கழகத்துக்காகத் தட்டுவோரிற் பத்திலொரு பங்கேனும் இருப்பரா என்பது ஐயமே.

வானொலிக்கும் இவ்விளையாட்டுக்கும் நெருங்கிய உறவுண்டு. கொழும்பிலே 1925 டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1926 ஆகஸ்ட் 29ஆம் தேதி, டப்ளினில் கில்கெனியும் கோல்வேயும் ஆடிய ஹேர்லிங் போட்டியை அயர்லாந்து வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. ஐரோப்பாவில் களவிளையாட்டொன்று அவ்வாறு ஒலிபரப்பப்பட்டது அதுவே முதன்முறை. 1947இல் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி, கடல் கடந்து குடியேறிய ஐரிஷ் மக்களுக்காக நியூயோர்க்கில் நடத்தப்பட்டது. கேவன், கெரி ஆகிய கவுண்டிகள் மோதின. ஆட்டம் முடியுமுன் ஒலிபரப்புத் தடத்துக்கென ஒதுக்கிய நேரம் முடிந்துவிடும் என்று அஞ்சிய அறிவிப்பாளர் மீஹால் ஓஹேர், இன்னும் ஐந்து நிமிடம் தருமாறு ஒலிபரப்பிலேயே மன்றாடினார். தடம் துண்டிக்கப்படவில்லை. கேவன் வென்ற செய்தியை அயர்லாந்தின் வீடுகள் அக்கணமே கேட்டன. வளைகுடா நாடுகளிலே தொழில் பார்க்கும் கல்முனைப் பகுதி இளைஞர், ஊரிலே நடக்கும் இறுதிப் போட்டியின் முடிவைத் தொலைபேசியிற் கேட்டறியத் துடிக்கும் துடிப்பும் இதுவே.

தோல்வியோடு வாழும் கலையை அறிய விரும்புவோர் மேயோ கவுண்டியைப் பார்த்தல் வேண்டும். மேயோ உதைபந்தாட்ட அணி 1936இலும் 1950இலும் 1951இலும் வெற்றிக் கிண்ணத்தை வென்றது. அதன் பின்னர் 2025ஆம் ஆண்டு முடியும் வரை ஒருமுறையேனும் வெல்லவில்லை. 1989 தொடங்கி 2021 வரை 11 ஆண்டுகளில் இறுதிப் போட்டி வரை சென்று தோற்றது. அவற்றுள் 1996இலும் 2016இலும் முதல் ஆட்டம் சமநிலையில் முடிய, மறு ஆட்டத்தில் தோற்றது. இதற்கு ஆதரவாளர் ஒரு கதை கட்டினர். 1951இல் வென்று திரும்பிய வீரர் வழியிலே ஒரு பிரேத ஊர்வலத்தைக் கண்டும் மரியாதை செய்யாது கடந்தனராம். அவ்வணியில் ஒருவரேனும் உயிரோடிருக்கும்வரை மேயோ வெல்லாது என்று சபிக்கப்பட்டதாம். அவ்வணியின் கடைசி வீரர் 2021 செப்டெம்பரிலே, மேயோ மற்றோர் இறுதிப் போட்டியில் தோற்று ஏறத்தாழ இரண்டு வாரம் சென்றபின், காலமானார். சாபத்தின் தவணை முடிந்தது. கிண்ணம் இன்னும் வரவில்லை. கிளேர் கவுண்டியாரும் ஹேர்லிங்கில் 1914க்குப் பின் 1995 வரை 81 ஆண்டு காத்திருந்தபோது, பிடி ஏர்லி என்ற மந்திரக்காரியின் சாபமே காரணம் என்றனர். அப்பெண் 1874இலேயே இறந்துவிட்டார். சங்கம் தோன்றியதோ பத்தாண்டு பிந்தி. இல்லாத சங்கத்தின் மீது அவர் எப்படிச் சாபமிட்டார் என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

சாபக் கதையைக் கேட்டு நகைத்தல் எளிது. ஆனால் அது ஒரு தேவையை நிறைவு செய்கிறது. வீரர் சம்பளமின்றி ஆடுகிறவர். அவர் ஆதரவாளரின் அயலவர், சிலவேளை சொந்த மருமகன். தோல்விக்கு அவரைப் பொறுப்பாக்கினால் நாளை தெருவில் முகம் பார்ப்பது எப்படி? பழியைச் சாபத்தின் மீதோ நடுவரின் மீதோ ஏற்றிவிட்டால் ஊர் ஊராகவே இருக்கும். கொம்பின் வைரம் போதாதென்று சொன்ன வடசேரியாரும் இதனையே செய்தனர்.

அந்நாட்டு ஆடுகளம் பூசலை அறியாததன்று. 1920 நவம்பர் 21ஆம் தேதி டப்ளின் குறோக் பார்க் மைதானத்தில் போட்டி நடந்துகொண்டிருந்தபோது பிரித்தானியப் படையினர் சுட்டு 14 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மைக்கேல் ஹோகன் என்ற வீரரும் ஒருவர். பின்னர் 1922, 1923ஆம் ஆண்டுகளில் ஐரிஷ் மக்கள் தமக்குள்ளேயே உள்நாட்டுப் போர் செய்தனர். கெரி கவுண்டியில் அப்போர் மிகக் கொடியதாயிருந்தது. ஒரே ஊரார் ஒருவரையொருவர் கொன்றனர். போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1924க்குரிய வெற்றிப் பட்டத்தை வென்ற கெரி அணியில் அரச படையின் அதிகாரி கொன் பிரொஸ்னனும், அப்படையை எதிர்த்துப் போரிட்ட ஜோன் ஜோ ஷீஹியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடினர். தலைமறைவாயிருந்த ஷீஹி ஆட வருவதற்குப் பிரொஸ்னன் பாதுகாப்பான வழி செய்து கொடுத்தார் என்பது அக்கவுண்டியில் இன்றும் பேசப்படும் வரலாறு. ஆட்டம் போரின் புண்ணை ஆற்றிவிட்டது என்று சொல்லிவிடலாகாது. அந்தப் புண் பல தலைமுறை இருந்தது. ஆயினும் இருவருக்கும் பொதுவான ஒரு 'நாம்' அச்சட்டையில் எஞ்சியிருந்தது.

இக்கரையில் எல்லைகளைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனிச் சபை வேண்டுமென்பது சாய்ந்தமருது மக்களின் நெடுநாட் கோரிக்கை. 2020 பெப்ரவரியில் அதற்கென வர்த்தமானி அறிவித்தல் வெளியாகிச் சில நாட்களிலேயே மீளப் பெறப்பட்டது. மதிலோடு மதில் ஒட்டிய இரண்டு முஸ்லிம் ஊர்களுக்கிடையே இவ்வளவு உணர்ச்சி எழுவதேன் என்று வெளியூரார் வியந்தனர். சந்தாங்கேணி மைதானத்தில் ஒரு மாலை நின்றிருந்தால் வியந்திருக்கமாட்டார்கள்.

நிந்தவூரிலிருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாய் வந்தவர், தம் பிறந்த ஊர் வென்ற நாளில் வீடு திரும்புவது ஒரு தனிக் காட்சி. வாசல்வரை மகிழ்ச்சியை முகத்திலே வைத்திருப்பார். படலையைத் திறக்கும்போது அதனை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். மாமனார் பத்திரிகையை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்திருப்பார். மைத்துனன் வீட்டுக்குள் இருந்தும் இல்லாதவன்போல் இருப்பான். எட்டு வயது மகன் மட்டும் ஓடி வந்து, "வாப்பா, நாங்க தோத்துட்டம்" என்பான். மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைப்பாள். அன்று அதிலே சீனி சற்றுக் குறைவாயிருக்கும்.